அண்டர்டாக் மேல மட்டும் பந்தயம்: இந்த சிஸ்டத்தை பேப்பர்ல டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா?

வண்ணாமடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க பக்கம், பாலக்காடு எல்லைல வண்ணாமடை வேலந்தாவளம் கொழிஞ்சாம்பாறை வரைக்கும், பசங்க வாயில இப்ப ஒரே சிஸ்டம்தான் ஓடுது. ஜெயிக்கும்னு ஊரே சொல்ற டீமை (ஃபேவரிட்) விட்டுரு, தோக்கும்னு சொல்ற டீம் (அண்டர்டாக்) மேல மட்டும் கட்டு, எல்லா மேட்சுக்கும் ஒரே தொகை, ரேட் 3க்கு மேல இருந்தா மட்டும் உள்ள போ, மூணு தடவை போனாலும் நாலாவது தடவை அடிச்சா போனதெல்லாம் திரும்ப வந்துரும்ங்கறாங்க. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. 2023 உலகக்கோப்பைல ஆப்கானிஸ்தான் டெல்லில வச்சு இங்கிலாந்தை 69 ரன்ல தோக்கடிச்சுது, ரெண்டு நாள் கழிச்சு தர்மசாலால நெதர்லாந்து சவுத் ஆப்பிரிக்காவை 38 ரன்ல சாச்சுது, அந்த வாரம் இந்த சிஸ்டத்துல இருந்தவன் என்ன சம்பாரிச்சிருப்பான்னு கேக்கறாங்க.

இது நெசமா பொய்யான்னு வாய்ப்பேச்சா இல்லாம நோட்டுப் போட்டு எழுதிப் பாக்கணும்னு எனக்கு ஆசை. காசு போடறது கிடையவே கிடையாது, அதை மொதல்லயே சொல்லிடறேன். 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல வந்த சட்டத்துக்கு அப்புறம் ஆன்லைன்ல காசு கட்டி ஆடறது நாடு பூராவும் தடைதான். அதனால வெறும் பேப்பர்தான். ஆனா டெஸ்ட்டுன்னா ஒழுங்கா பண்ணணும், எந்த ரேட்டை எழுதறது, எத்தன மேட்ச் பாக்கறது, எப்ப நிறுத்தறது, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொள்ளாச்சி_ரேக்ளா:

இதுக்கு டெஸ்ட் வேறயாங்க? கண்ணு முன்னாடி நடந்ததுதானே எல்லாம். 1983ல இந்தியா கப் ஜெயிக்கறதுக்கு 66க்கு 1 குடுத்தாங்க, அதாவது 1 கட்டுனா 66 லாபம், லார்ட்ஸ் ஃபைனல்ல நாம 183க்கு ஆல் அவுட், அவங்களை 140ல சுருட்டிட்டோம். 1981 ஹெடிங்லி டெஸ்ட்ல இங்கிலாந்துக்கு 500க்கு 1ன்னு போர்டுல போட்டாங்க, போத்தம் 149 நாட் அவுட், ஆஸ்திரேலியாவுக்கு வேண்டியது வெறும் 130, வில்லிஸ் 8 விக்கெட் எடுத்து 111ல முடிச்சாரு. ஆஸ்திரேலியா டீம்ல ஆடிட்டு இருந்த லில்லியும் மார்ஷுமே அந்த 500க்கு 1ல பத்து பவுண்டு அஞ்சு பவுண்டு கட்டி வச்சிருந்தாங்க, 7,500 பவுண்டு வந்துச்சு ரெண்டு பேருக்கும் சேத்து. லெஸ்டர் சிட்டி 2016ல பிரீமியர் லீக் ஜெயிச்சப்ப 5000க்கு 1. பிரிஸ்பேன் கப்பா மைதானத்துல 1988க்கு அப்புறம் ஆஸ்திரேலியா தோத்ததே இல்லன்னாங்க, 2021 ஜனவரில நம்ம பசங்க 328 அடிச்சு ஜெயிச்சுட்டு வந்தாங்க. சின்ன டீமை எல்லாரும் எளக்காரமா பாக்கறாங்க, அதனாலதான் ரேட் அளவுக்கு மேல ஏறிக் கெடக்குது. இதுல என்ன தப்புங்க சார் இருக்கு?

கணக்கு_சித்தூர்:

பொள்ளாச்சித் தம்பி, நீங்க சொன்ன மேட்ச் அத்தனையும் நடந்ததுதான், ஒண்ணையும் நான் மறுக்கல. ஆனா இதெல்லாம் நடந்து முடிஞ்ச பொறவு பொறுக்கி எடுத்தது. இங்கிலாந்து மாதிரி 500க்கு 1ல இருந்துட்டு சத்தமில்லாம தோத்துப் போன டீம் பேரு ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம். யாருக்கும் ஞாபகம் இருக்காது, யாரும் அதை எழுதி வைக்கறதும் இல்ல. டெஸ்ட்டுன்னா தோத்ததும் நோட்டுல ஏறணும்.

மொதல்ல அந்தப் பசங்க கணக்கையே பாத்துருவோம். ரேட் 3ன்னா 100 கட்டி ஜெயிச்சா கட்டுன 100ஐயும் சேத்து கைக்கு 300 வரும். மூணு தோத்து ஒண்ணு ஜெயிச்சா கட்டுனது 400, வந்தது 300. எங்கங்க திரும்புது? நாலுல ஒண்ணு ஜெயிச்சு கை சமமாகணும்னா ரேட் 4 வேணும். அதனால டெஸ்ட் பண்றதுன்னா 4லிருந்து பண்ணுங்க, இல்லாட்டி ஆரம்பத்துலயே கோணலா போயிரும்.

அடுத்தது இன்னும் முக்கியம். நீங்க சோதிக்கப் போறது டீமை இல்ல, வெலையை. அண்டர்டாக் ஜெயிக்குமான்னு கேட்டா ஜெயிக்கும், எப்பவாவது ஜெயிக்கத்தான் செய்யும். ரேட் 4ன்னு குடுக்கறப்ப புக்கி (பந்தயம் வாங்கறவன்) சொல்றதே 'இது நாலுல ஒரு தடவை நடக்கும்'னுதான். ஆக அது நாலுல ஒண்ணை விட அதிகமா நடக்குதாங்கறதுதான் உங்க கேள்வி. ஒரு மேட்சுக்கு பெரிய டீம் 1.25, சின்ன டீம் 4ன்னு வச்சுக்குங்க. 1ஐ 1.25ல வகுத்தா 80 சதவீதம், 4ல வகுத்தா 25 சதவீதம், கூட்டுனா 105. நடக்கப்போறது 100தான், மேல இருக்கற 5 அவன் பங்கு. அந்த 5ஐ ரெண்டு பக்கமும் அதது விகிதப்படி கழிச்சா சின்ன டீமோட உண்மையான வாய்ப்பு 23.8 சதவீதம் வரும். அதை 4ஆல பெருக்குனா நீங்க கட்டுற ஒவ்வொரு 100க்கும் சராசரியா 95 ரூபாய்தான் திரும்புது. அதாவது அவன் ரேட் போட்டது கரெக்டா இருந்தாலே உங்களுக்கு 100க்கு கிட்டத்தட்ட 5 ரூபாய் நட்டம். உங்க சிஸ்டம் இந்த அஞ்சையும் தாண்டித்தான் லாபம் காட்டணும்.

வண்ணாமடைக்காரன்:

சார் இது நல்லா புரிஞ்சுதுங்க. அப்ப 2023 உலகக்கோப்பையையே எடுத்து ஆப்கானிஸ்தான் நெதர்லாந்து ரெண்டு மேலயும் எல்லா மேட்சுக்கும் 100 கட்டுன மாதிரி போட்டா எப்படி வரும்? ரிசல்ட் எல்லாம் தெரிஞ்சதுதானே, ஒக்காந்து போட்டுரலாம்ல.

கணக்கு_சித்தூர்:

போட்டுப் பாக்கலாம், அதுலயே பாடம் இருக்கு. ரெண்டு டீமுக்கும் ஆளுக்கு 9 மேட்ச். அவங்களுக்குள்ள ஆடுன ஒண்ணை ரெண்டு பக்கத்துலயும் தள்ளிட்டா 8ம் 8ம் 16. ஆப்கானிஸ்தான் இங்கிலாந்து, பாகிஸ்தான், இலங்கை மூணு பேரை ஜெயிச்சுது. நெதர்லாந்து சவுத் ஆப்பிரிக்கா, பங்களாதேஷ். ஆக 16ல 5. கட்டுனது 1,600, அப்ப ஜெயிச்ச அஞ்சோட சராசரி ரேட் 3.2 இருந்தாலே கை சமம். இங்கிலாந்துக்கும் சவுத் ஆப்பிரிக்காவுக்கும் எதிரா ரேட் அதை விட எங்கயோ மேல இருந்துச்சு, அதனால லாபம்தான். பசங்க சொன்னது சரி மாதிரி தெரியுதுல்ல?

இப்ப 2019 உலகக்கோப்பையைச் சேருங்க. ஆப்கானிஸ்தான் 9 மேட்ச் ஆடி 9ம் தோத்துச்சு. இந்தியா கூட 11 ரன்ல, கடைசி ஓவர்ல ஷமி ஹாட்ரிக் எடுத்து முடிச்சாரு, அவ்ளோ கிட்ட வந்தும் நோட்டுல அது தோல்விதான். இப்ப 25ல 5 ஆச்சு, சராசரி ரேட் 5 வேணும். 2015ஐயும் சேருங்க, ஸ்காட்லாந்து கூட ஜெயிச்ச மேட்சை விட்டுட்டா மீதி 5ம் தோல்வி. 30ல 5, சராசரி 6 வேணும். ஒரே சிஸ்டம்தான், எந்த வருசத்துல ஆரம்பிக்கறோம்ங்கறதை மட்டும் மாத்துனோம், 3.2ல இருந்து 6க்கு ஏறிப்போச்சு.

2023ல ஆப்கானிஸ்தான் ஆஸ்திரேலியா மேட்ச்ல, வான்கடேல நடந்ததை நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க. ஆஸ்திரேலியா 292 துரத்தி 91க்கு 7. மேக்ஸ்வெல் 33ல இருக்கறப்ப ஷார்ட் ஃபைன் லெக்ல முஜீப் கைக்குள்ள வந்த கேட்சு நழுவிருச்சு, அந்த ஆளு கால் நகராம நின்ன எடத்துலயே நின்னு 201 நாட் அவுட். அந்தப் பந்து முஜீப் கைல தங்கியிருந்தா நம்ம நோட்டுல 5க்குப் பதிலா 6 இருந்திருக்கும், அதுவும் பெரிய ரேட்ல. ஒத்தக் கேட்ச்ல சிஸ்டம் நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு மாறுதுன்னா நம்ம கைல இருக்கற மேட்ச் எண்ணிக்கை பத்தலன்னு அர்த்தம்.

பொள்ளாச்சி_ரேக்ளா:

சரிங்க சார், ஒத்துக்கறேன், ஆனா என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. இந்தியா ஆடறப்ப ஊர்ல இருக்கறவன் பூரா இந்தியா மேலதான் கட்டறான், சென்னை ஆடுனா சென்னை மேல. பாசத்துல கட்டறான். அப்ப எதிர் டீமுக்கு ரேட் தன்னால ஏறத்தானே செய்யும். அந்த எடத்துல அண்டர்டாக் எடுக்கறது புத்திசாலித்தனம்தானே?

கணக்கு_சித்தூர்:

இது நல்ல கேள்விங்க தம்பி, இந்த இழைலயே இதுதான் சோதிச்சுப் பாக்கறதுக்கு லாயக்கான கருத்து. ஏன்னா இதுல காரணம் இருக்கு. 'அண்டர்டாக் நல்லது'ங்கறதுல காரணமே இல்ல, 'பாசத்துல ஒரு பக்கம் காசு குவியுது, அதனால மறுபக்கம் வெல கொறைவு, அதாவது ரேட் அதிகம்'ங்கறதுல இருக்கு. இதை தனி விதியா எழுதி தனியா டெஸ்ட் பண்ணலாம்.

ஆனா பொதுவா நடக்கறது இதுக்கு நேர் எதிர். கிரிஃபித்னு ஒருத்தர் 1949லயே அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தை வச்சு எழுதியிருக்காரு, பெரிய ரேட் குதிரைங்க மேல ஜனங்க அதோட தகுதிக்கு மேல காசு கட்டறாங்க, ஃபேவரிட் மேல தகுதியை விடக் கொறச்சுக் கட்டறாங்கன்னு. அதுக்கப்புறம் பல நாட்டுல பல ஆட்டத்துல இதையே பாத்துட்டாங்க. கண்ணை மூடிட்டு பெரிய ரேட்டா பாத்துக் கட்டுனா நட்டம் அதிகம், ஃபேவரிட் மேல கட்டுனா நட்டம் கொறைவு, ரெண்டுமே நட்டம்தான். ஏன் அப்படின்னு நமக்கு வெளியூர்க்காரங்க சொல்லித்தர வேண்டியதில்ல. வாளையாறுல ஓணம் பம்பர் டிக்கெட்டுக்கு நிக்கற வரிசையைப் பாருங்க, 500 ரூபா குடுத்து 25 கோடிக்கு ஆசைப்படறோம். சின்ன வாய்ப்பு, பெரிய தொகைன்னா மனுசன் வெலயைப் பாக்கறதில்ல. அண்டர்டாக் ரேட்டும் அதே ஆசையைத்தான் விக்குது.

விதிவிலக்கும் இருக்கு, மறைக்கக் கூடாது. அமெரிக்க பேஸ்பால் பந்தயத்தை வச்சு 1994ல வந்த ஒரு ஆய்வுல இது தலைகீழா இருந்துச்சு, அங்க ஃபேவரிட் மேலதான் அதிகம் கட்டியிருக்காங்க. ஆனா அந்த வித்தியாசம் கமிஷனைத் தாண்டற அளவுக்கு இல்ல.

மீனாட்சிபுரம்_ஃபுட்பால்:

கிரிக்கெட்டை விடுங்க சேட்டா, எங்க பக்கம் ஃபுட்பால்தான். 2022 வேர்ல்டு கப்ல சவுதி அர்ஜென்டினாவை 2-1ல அடிச்ச அன்னிக்கு இங்க பாதிப் பேரு சோறு திங்கல. ஜப்பான் ஜெர்மனியவும் அடிச்சுது ஸ்பெயினையும் அடிச்சுது, ஆனா ரெண்டுக்கும் நடுவுல கோஸ்டா ரிகா கூட 0-1 தோத்துச்சு, அதுல ஜப்பான்தான் ஃபேவரிட். அப்ப உங்க சிஸ்டம்படி அந்த மேட்ச்ல ஜப்பானுக்கு எதிரா போயிருக்கணும். 'ஜப்பான் அண்டர்டாக் டீம்'னு டீம் பேரை வச்சு எழுதுனா நோட்டு தப்பாயிரும், ஒவ்வொரு மேட்சுக்கும் அன்னிக்கு ரேட்தான் அண்டர்டாக் யாருன்னு சொல்லணும்.

இன்னொண்ணு, கடைசி குரூப் மேட்சுகளைத் தனியா குறிச்சு வைங்க. துனீசியா பிரான்ஸை 1-0, கேமரூன் பிரேசிலை 1-0. அபூபக்கர் 92வது நிமிசம் கோல் போட்டு சட்டையக் கழட்டி ரெண்டாவது மஞ்சள் வாங்கி சிரிச்சுட்டே வெளிய போனாரே அந்த மேட்ச். ரெண்டுலயும் பெரிய டீம் ஏற்கனவே அடுத்த ரவுண்டுக்குப் போயாச்சு, முக்கியமான ஆளுங்களை ஒக்கார வச்சிருந்தாங்க, பிரான்ஸ் ஒம்பது பேரை மாத்துச்சு. ரேட்டும் அதுக்குத் தக்கன எறங்கியிருக்கும். இதை மத்த அப்செட்டோட ஒண்ணா சேத்தா என்ன தெரிஞ்சுக்கிட்டோம்னே வெளங்காது.

அப்பறம் ட்ரா. கிரிக்கெட் ஒன்டேல பெரும்பாலும் ரெண்டே முடிவு, ஃபுட்பால்ல மூணு. சின்ன டீம் 90 நிமிசம் முட்டி மோதி 0-0 புடிச்சா நமக்கு அது வெற்றி மாதிரி, ஆனா 'ஜெயிக்கும்'னு கட்டுனவனுக்கு காசு போச்சு. நம்ம கேரளாவையே எடுத்துக்குங்க, 2024-25 ரஞ்சி. கால் இறுதில ஜம்மு காஷ்மீர் 280, நாம 281, முதல் இன்னிங்ஸ்ல ஒரே ரன் லீடு. அரை இறுதி அகமதாபாத்ல, நாம 457, குஜராத் 455ல கடைசி ஆளு ஓங்கி அடிச்ச பந்து ஷார்ட் லெக்ல நின்ன சல்மான் நிசார் ஹெல்மெட்ல பட்டு எகிறி ஸ்லிப்ல சச்சின் பேபி கைல விழுந்துச்சு, ரெண்டு ரன் லீடு, முதல் தடவையா ஃபைனல். எங்க ஊரே கொண்டாடுச்சு, அண்டர்டாக் கதைன்னா இதான் கதை. ஆனா ரெண்டு மேட்சும் ரெக்கார்டுல ட்ரா, முதல் இன்னிங்ஸ் லீடை வச்சுத்தான் மேல போனது. கேரளா ஜெயிக்கும்னு நோட்டுல எழுதியிருந்தா ரெண்டும் தோல்விதான் சேட்டா.

வண்ணாமடைக்காரன்:

அய்யோ இந்த ரஞ்சி விசயம் நான் யோசிக்கவே இல்லீங்க, நல்லா சொன்னீங்க. அப்ப மனசுல ஜெயிச்சது வேற நோட்டுல ஜெயிச்சது வேற. ட்ரா இருக்கற ஆட்டத்துக்கு தனி கட்டம் போடறேன்.

கோபாலபுரம்_செக்போஸ்ட்:

தம்பி, நான் இந்த ஆட்டத்தை ரொம்ப வருசமா வெளிய நின்னு பாத்தவன். ரெண்டு விசயம் சொல்றேன்.

நம்ம பக்கம் யாரும் 4, 1.25ன்னு பேச மாட்டாங்க, பைசாக் கணக்குதான். '45-47'ன்னா ஃபேவரிட் மேல 100 கட்டி ஜெயிச்சா லாபம் 45, அதுக்கு லகாய்னு பேரு. சின்ன டீம் பக்கம் போறவன் 47 வச்சு 100 எடுக்கணும், அது காய். அதாவது சின்ன டீமோட ரேட் 100ஐ 47ல வகுத்து ஒண்ணு கூட்டுனா 3.13 வருது. பாக்க ரெண்டு பைசாதானே வித்தியாசம்னு தோணும். ஆனா அந்த வெல ஓவருக்கு ஓவர் மாறும், நீ போன்ல சொல்லி முடிக்கறதுக்குள்ள வேற வெல. நோட்டுல எழுதற ரேட்ல உனக்கு நெசத்துல கெடைக்காது. உன் பேப்பர் டெஸ்ட் லாபம் காட்டுனாலும் இதை ஞாபகம் வச்சுக்கோ. ஜெயிச்ச காசு கைக்கு வருமாங்கறது அதுக்கும் மேல, கேஸ் குடுக்க ஸ்டேசனுக்கா போவ?

ரெண்டாவது, தொடர்ந்து தோக்கறது. ரேட் 4 அண்டர்டாக் நாலுல மூணு தடவை தோக்கும். 200 மேட்ச் எழுதுனா அதுல எங்கயாவது ஒரு எடத்துல 13, 14 தடவை வரிசையா தோல்வி வர்றது சாதாரணம், கணக்கு சாரைக் கேட்டுக்கோ. பேப்பர்ல அது வெறும் பெருக்கல் குறி. நெசக் காசா இருந்தா ஆறாவது தோல்விலயே மனுசன் மாறிடறான். 'ஒரே தொகை'ன்னு ஆரம்பிச்சவன் 'இந்த தடவ டபுளா வச்சு எடுத்துரலாம்'னு எறங்குவான். 100ல ஆரம்பிச்சு ஒவ்வொரு தோல்விக்கும் டபுள் பண்ணி 13 தடவை போச்சுன்னா மொத்தம் 8,19,100 ரூபா. அதுக்கு அடுத்த பந்தயத்துக்கு மட்டும் 8,19,200 வேணும். தோப்பை அடமானம் வச்ச குடும்பத்தை எனக்குத் தெரியும், பேரெல்லாம் வேண்டாம். அந்தப் பையன் சிஸ்டம் தப்புன்னு இன்னிக்கும் சொல்ல மாட்டேங்கறான், பணம் பத்தலன்னுதான் சொல்றான்.

கணக்கு_சித்தூர்:

செக்போஸ்ட் அண்ணன் சொன்ன 13, 14 சரிதான். இதோட ஒண்ணு சேத்துக்கறேன். பெல் லேப்ஸ்ல இருந்த கெல்லிங்கறவர் 1956ல ஒரு ஃபார்முலா குடுத்தாரு, கைல இருக்கற காசுல எத்தன பங்கு கட்டலாம்னு. வாய்ப்பை ரேட்டால பெருக்கி 1 கழிச்சு, அதை ரேட்ல 1 கழிச்ச தொகையால வகுக்கணும். வாய்ப்பு 23.8 சதவீதம், ரேட் 4ன்னு போட்டா மேல மைனஸ் வருது. மைனஸ்னா கட்டாதேன்னு அர்த்தம், கொஞ்சமா கூட கட்டாதே. தொகையை ஏத்தி எறக்கிக் கட்டற எந்த முறையும், டபுளோ த்ரிபிளோ, மைனஸ் வெலயை ப்ளஸ் ஆக்காது. அதனால டெஸ்ட் பூரா ஒரே தொகைல வைங்க, அப்பத்தான் வெல நல்லதா கெட்டதான்னு மட்டும் தெரியும்.

அத்திக்கோடு_அக்கா:

எனக்கு கணக்கு அவ்வளவா வராது, ஆனா ஒண்ணு கேக்கணும். என் தம்பி ஒரு டெலிகிராம் குரூப்ல இருக்கான், அவங்க தொடர்ந்து பத்து மேட்ச் அண்டர்டாக் டிப்ஸ் கரெக்டா சொல்லிட்டாங்களாம், பதினொண்ணாவதுக்கு காசு கேக்கறாங்க. பத்தும் முன்னாடியே வந்த மெசேஜ்தான், நானே போன்ல தேதி பாத்தேன், மேட்சுக்கு முன்னாடிதான் இருக்கு. அதெப்படிங்க பொய்யா இருக்க முடியும்? காசு கட்டறதுக்குள்ள அவனுக்கு என்ன சொல்லிப் புரிய வைக்கறதுன்னு தெரியல.

கணக்கு_சித்தூர்:

அக்கா, தயவுசெஞ்சு கட்ட விடாதீங்க. எப்படின்னு சொல்றேன், தம்பிக்கு இதை அப்படியே காட்டுங்க. 1,024 பேரு நம்பர் கைல வச்சுட்டு 512 பேருக்கு 'ஏ ஜெயிக்கும்'னும் மீதி 512 பேருக்கு 'பி ஜெயிக்கும்'னும் அனுப்புவாங்க. எப்படியும் 512 பேருக்கு சரியாப் போகும். தப்பாப் போன ஆளுங்களை விட்டுட்டு, அந்த 512ஐ 256, 256ஆ பிரிச்சு அடுத்த மேட்ச். பத்து மேட்ச் முடிஞ்சா ஒரே ஒரு ஆளுக்கு பத்துக்குப் பத்தும் கரெக்டா வந்திருக்கும். யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. அந்த ஒரு ஆளு போன்ல இருக்கற பத்து மெசேஜும் உண்மை, தேதியும் உண்மை. அவனுக்குத் தெரியாதது மீதி 1,023 பேரு போன்ல என்ன வந்துச்சுங்கறதுதான். இதே வேலையை பத்து குரூப் ஆரம்பிச்சு, தோத்த குரூப்பை அழிச்சுட்டும் செய்யலாம்.

அத்திக்கோடு_அக்கா:

படிச்சுக் காட்டுனேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். குரூப்ல இன்னும் யாராவது அதே டிப்ஸ்தான் வாங்குனாங்களான்னு ரெண்டு கூட்டாளிங்களைக் கேட்டிருக்கான், ஒருத்தனுக்கு நாலாவது மேட்ச்லயே மெசேஜ் நின்னு போச்சாம். காசு கட்டல. ரொம்ப நன்றிங்க.

வண்ணாமடைக்காரன்:

அக்கா ரொம்ப சந்தோசமுங்க, இந்த ஒண்ணுக்காகவே இதை ஆரம்பிச்சது நல்லதாப் போச்சு. சார், இப்ப கடைசிக் கேள்வி, எத்தன மேட்ச் எழுதணும்? ஒரு ஐபிஎல் சீசன் பத்துமா?

கணக்கு_சித்தூர்:

பத்தாது, பக்கத்துல கூட வராது. ரேட் 4ல 100 மேட்ச், மேட்சுக்கு 100 ரூபாய்னு எழுதுனா மொத்தம் 10,000. எந்தத் திறமையும் இல்லாம வெறும் அதிர்ஷ்டத்துலயே இது மேலயும் கீழயும் 3,400 ரூபாய் வரைக்கும் ஆடும். 100 மேட்ச் முடிஞ்சு 2,000 லாபம் காட்டுனா பசங்க குதிப்பாங்க, ஆனா அது ஒண்ணுமே சொல்லல. 100க்கு 5 ரூபாய் லாபமோ நட்டமோ நெசமா இருக்கான்னு ஓரளவு நம்பிக்கையா சொல்லணும்னா சுமார் 4,800 மேட்ச் வேணும். ஐபிஎல்ல இப்ப சீசனுக்கு 74. அத்தனை மேட்ச்லயும் ரேட் 4 அண்டர்டாக் ஒண்ணு இருந்தாலே 65 சீசன் ஆகும். ஆனா ஐபிஎல்ல டீம் எல்லாம் கிட்டத்தட்ட சமம், ரேட் 2.2 அந்த மாதிரிதான் ஓடும். அந்த ரேட்டுக்கு ஏத்த எறக்கம் கொறைவு, இருந்தாலும் 1,900க்கு மேல வேணும், அதாவது 26 சீசன். காசு வச்சு ஆடறவன் எவனும் தன் சிஸ்டம் நல்லதுன்னு தெரிஞ்சுக்கற அளவுக்கு ஆடறதே இல்ல, அதுக்கு முன்னாடியே ஒண்ணு காசு தீரும் இல்ல ஆளு தீருவான்.

அதனால வரப்போற மேட்சை விட்டுட்டு பழசுக்குப் போங்க. இங்கிலாந்து பிரீமியர் லீக் சீசனுக்கு 380 மேட்ச், பழைய ரிசல்ட்டும் பழைய ரேட்டும் எக்செல் ஃபைலா சும்மாவே கெடைக்குது. கீழ் டிவிசனும் சேத்தா எண்ணிக்கை தாராளம். கிரிக்கெட்டுக்கு பழைய ரேட் அவ்ளோ ஒழுங்கா கெடைக்காது. மீனாட்சிபுரத்துக்காரர் சொன்ன ட்ரா விசயத்தை மட்டும் மறக்காதீங்க, ட்ரா ஆனா தோல்வின்னே எழுதணும்.

ஒரு எச்சரிக்கை. ஃபைல் கைல வந்ததும் 'வெளியூர் டீமா இருந்தா மட்டும்', 'டிசம்பர்ல மட்டும்', 'ரேட் 4லிருந்து 6க்குள்ள மட்டும்'னு கத்தரிச்சுப் பாக்கத் தோணும். எந்த வெதியும் உண்மையில பிரயோசனம் இல்லன்னாலும், ஒவ்வொரு வெதியும் தற்செயலா நல்லதாத் தெரிய 20ல ஒரு வாய்ப்புன்னு வச்சா, 20 வெதி போட்டுப் பாத்தா ஒண்ணாவது 'பிரமாதம்'னு காட்டறதுக்கு 64 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அதுக்கு வழி, ஃபைலை ரெண்டா வெட்டணும். பழைய பாதில எப்படி வேணா நோண்டி வெதியைத் தேடுங்க. புதுப் பாதியைத் தொறக்கவே கூடாது. வெதியை எழுதி முடிச்ச பொறவு ஒரே தடவை தொறந்து ஓட்டணும், வந்தது வந்ததுதான்.

பொள்ளாச்சி_ரேக்ளா:

அப்ப என்னோட பாசக் கணக்கையும் சேத்துக்குங்க. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் மாதிரி உலகம் பூரா ரசிகர் இருக்கற டீமுக்கு எதிரா ஆடற சின்ன டீம் மேல மட்டும்னு ஒரு வெதி. நான் இன்னும் நம்பறேன், ரசிகன் கட்டற காசு ரேட்டைக் கோணலாக்கும்னு. இல்லன்னு வந்தா ஒத்துக்கறேன்.

கணக்கு_சித்தூர்:

தாராளமா. எந்தெந்த டீம்னு இப்பவே பேர் எழுதிக் குடுத்துருங்க, ஃபைலைப் பாத்துட்டு சேக்கறது நீக்கறது கூடாது.

மீனாட்சிபுரம்_ஃபுட்பால்:

ரேட் எந்த நேரத்து ரேட்னும் முடிவு பண்ணிக்குங்க சேட்டா. ஃபைல்ல ஆரம்ப ரேட்டும் மேட்ச் தொடங்கற நேரத்து ரேட்டும் தனித்தனியா இருக்கும், ஆளு காயம்னு செய்தி வந்தா ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் ஆகும். ரெண்டுல நல்லதா பாத்து எடுத்தா ஏமாத்து. கிரிக்கெட்டுக்கு சின்னதா ஒரு நோட்டு ஓட்டறதா இருந்தா டாஸுக்கு முன்னாடி ரேட்னு வைங்க, டாஸ் போட்டதும் பனி கணக்குல ரேட் குதிக்கும்.

கோபாலபுரம்_செக்போஸ்ட்:

மழைல நின்ன மேட்ச் என்ன பண்றதுன்னும் எழுதி வை தம்பி, அதுலதான் சண்டை வரும். முடிவே இல்லன்னா கட்டுனது திரும்பின மாதிரி, நோட்டுல ஏத்தாதே. டக்வொர்த் லூயிஸ்ல முடிவு வந்தா அது முடிவுதான். டை ஆகி சூப்பர் ஓவர் போனா அதுல ஜெயிச்சவன்தான் ஜெயிச்சவன், 2024ல டல்லாஸ்ல அமெரிக்கா பாகிஸ்தானை ஜெயிச்சுதே, அது மாதிரி.

வண்ணாமடைக்காரன்:

சரிங்க, இப்படி வச்சுக்கறேன். இங்கிலாந்து லீக் ஃபைல்தான் மெயின் டெஸ்ட்டு, மேட்ச் தொடங்கற நேரத்து ரேட், 4க்கு மேல இருக்கற எல்லா டீமும், மேட்சுக்கு 100, ட்ரா ஆனா தோல்வி. பொள்ளாச்சி அண்ணனோட பாச வெதி தனி ஷீட், அவரு டீம் பேரை இங்கயே எழுதிருவாரு. கிரிக்கெட் நோட்டு சும்மா பக்கத்துல ஓடும், அதை வச்சு யாரும் தீர்ப்பு சொல்லக் கூடாது.

புதுப் பாதி ஃபைல் என் கைல இருந்தா எனக்கே தொறந்து பாக்க கை அரிக்கும். அத்திக்கோடு அக்கா, உங்க தம்பி அதை வச்சுக்குவானா? பாஸ்வேர்டு போட்டு அவன்கிட்டயே இருக்கட்டும். நான் வெதியை இங்க எழுதி நாள் ஆன பொறவு அவனே ஓட்டி முடிவை அவனே போடட்டும்.

அத்திக்கோடு_அக்கா:

கேட்டேன், வச்சுக்கறேங்கறான். எக்செல் அவனுக்கு நல்லா வரும். பாஸ்வேர்டு எங்கிட்டயும் சொல்ல மாட்டானாம்.

வண்ணாமடைக்காரன்:

அது போதுமுங்க. பழைய பாதி ஃபைலை எறக்கிட்டேன், ரேட் காலி கட்டம் நெறைய இருக்குது, அதை எல்லாம் தனியா எடுத்து வச்சுட்டு எத்தன விட்டுப்போச்சுன்னும் சேத்து எழுதறேன். பொள்ளாச்சி அண்ணா, டீம் பேரை ஞாயித்துக்கிழமைக்குள்ள போட்டுருங்க.

பொள்ளாச்சி_ரேக்ளா:

இப்பவே போடறேன். மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், செல்சி. நாலு போதும், இதுக்கு மேல சேக்க மாட்டேன்.